ஒரு சாண் வித்தியாசத்தையும் பிடிக்கும் உயர வரைபடம்: லைடார் வழிகாட்டி

ஒரே தெருவில் இரண்டு வீடுகள். மழை கொட்டித் தீர்த்த மறுநாள் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது, அடுத்த வாசல் காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் உயர வித்தியாசம் ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்த ஒரு சாண் தண்ணீருக்குத் தெரியும். நாம் வரையும் வரைபடத்துக்கும் அது தெரிய வேண்டும்.

விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரையை அளக்கும் லைடார் முறையால் இன்று அது முடியும். ஆனால் கருவி நன்றாக இருந்தால் மட்டும் வரைபடம் நன்றாக வந்துவிடாது. உயர வரைபட வேலையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டதால் வந்தவை. இது எதன் உயரம்? எதிலிருந்து உயரம்? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் அந்த இரண்டு கேள்விகள்

மேலிருந்து கீழே பார்க்கும் எந்தக் கருவிக்கும் முதலில் படுவது மரத்தின் உச்சி, மொட்டை மாடி, மின்கம்பி. இவை எல்லாவற்றையும் சேர்த்து வரைந்த மேற்பரப்பை டிஎஸ்எம் என்பார்கள். மரத்தையும் கட்டடத்தையும் எடுத்துவிட்டு வெறும் தரையை மட்டும் வரைந்தால் அது டிடிஎம். டிஇஎம் என்பது பொதுப்பெயர். ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள். அதனால் டிஇஎம் என்ற பெயரில் ஒரு கோப்பு கைக்கு வந்தால், பெயரை நம்பாமல் ஒரு காட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் 15 மீட்டர் சுவர் எழுந்து நின்றால் அது டிஎஸ்எம். வெள்ளக் கணக்குக்கு அதை அப்படியே எடுத்தால், தண்ணீர் மரங்களை மலை என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போகும்.

அடுத்தது, எதிலிருந்து என்ற கேள்வி. ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் பூமியை வழவழப்பான ஒரு கணித உருவமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து உயரம் சொல்கின்றன. அந்த உருவத்துக்கு எலிப்சாய்டு என்று பெயர். நாம் பேச்சில் சொல்லும் கடல் மட்டமோ ஈர்ப்பு விசையைப் பொறுத்தது. பூமிக்குள் நிறை ஒரே சீராக இல்லாததால் அந்த மட்டம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதுதான் ஜியாய்டு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சின்னதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு எலிப்சாய்டுக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. நியூ கினி பக்கம் சுமார் 85 மீட்டர் மேலே. இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதியில் கப்பல் தளத்தில் நின்று திருத்தம் செய்யாத உயரத்தைப் பார்த்தால், கருவி நம்மைக் கடலுக்கு அடியில் காட்டும்.

கணக்கு என்னவோ எளிதுதான். எலிப்சாய்டு உயரத்திலிருந்து அந்த இடத்து ஜியாய்டு உயரத்தைக் கழித்தால் கடல் மட்டத்திலிருந்து உயரம் கிடைக்கும். ஆனால் எந்த ஜியாய்டு மாதிரி என்று எழுதி வைக்க வேண்டும். இஜிஎம்96, இஜிஎம்2008 என்று உலக மாதிரிகளே பல. இவை போக ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு டேட்டம், அதாவது உயரத்தை எண்ணத் தொடங்கும் அடிமட்டம், வைத்திருக்கும். ஒன்றுக்கொன்று சில செ.மீ. முதல் சில மீட்டர் வரை வேறுபடும்.

பறக்கும் முன் இருப்பதைத் தேடுங்கள்

விமானம் ஏற்றுவது செலவான காரியம். அதனால் முதலில், இந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று முடிவு செய்யுங்கள். ஒரு பெரிய ஆற்றுப் படுகையின் எல்லையை வரைய 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவே போதும். ஊருக்குள் மழைநீர் எந்தத் தெருவில் தேங்கும் என்று சொல்ல வேண்டுமானால் லைடார் இல்லாமல் ஆகாது.

இலவசத் தரவில் பழம்பெரும் பெயர் எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாளில் ரேடார் மூலம் எடுத்தது; வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை உள்ள நிலப்பரப்பு அதில் இருக்கிறது. இதற்கு வைத்த இலக்கு, 90 சதவீத இடங்களில் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. அளந்து பார்த்தபோது அதைவிட நன்றாகவே வந்திருந்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கோப்பர்னிகஸ் ஜிஎல்ஓ-30. ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்கள் 2010 முதல் 2015 வரை எடுத்த அளவிலிருந்து செய்தது. அதன் உயரங்கள் இஜிஎம்2008-இல் இருக்கும், எஸ்ஆர்டிஎம் உயரங்கள் இஜிஎம்96-இல். இரண்டும் அடிப்படையில் டிஎஸ்எம் வகை என்பதை மறக்கக்கூடாது. ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரை வரை இறங்குவதில்லை. ஜிஎல்ஓ-30-இலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கணித்துக் கழித்த ஃபேப்டெம் என்ற பதிப்பும் இருக்கிறது. தட்டையான இடங்களில் முதல் பார்வைக்கு அது உதவும்.

லைடார் தரவையே பல நாடுகள் இலவசமாகத் தருகின்றன. நெதர்லாந்து 1990களிலேயே நாடு முழுவதையும் அளக்கத் தொடங்கி, திரும்பத் திரும்ப அளந்துகொண்டே வருகிறது. கடல் மட்டத்துக்குக் கீழே வாழும் நாட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவின் 3டெப் திட்டமும் இங்கிலாந்தின் 1 மீட்டர் லைடாரும் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் பகுதிக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும், இவற்றில் ஒரு துண்டை இறக்கி வைத்துப் பயிற்சி எடுக்கலாம்.

லேசர் எப்படி அளக்கிறது

ஒளி 1 நானோ விநாடியில் சுமார் 30 செ.மீ. போகும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், நேரத்தை 1 நானோ விநாடி தப்பாக அளந்தால் தூரம் 15 செ.மீ. தப்பும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அடித்த ஒளி தரையைத் தொட்டுத் திரும்ப 7 மைக்ரோ விநாடி கூட ஆகாது. அதற்குள் விமானம் ஒரு மில்லிமீட்டர் கூட நகர்ந்திருக்காது. இப்படி விநாடிக்குப் பல லட்சம் துடிப்புகள்.

தூரம் மட்டும் போதாது. துடிப்பு கிளம்பிய நொடியில் விமானம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றும் தெரிய வேண்டும். இடத்தை ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் முறைகளின் பொதுப்பெயர்) சொல்லும்; சாய்வை ஐஎம்யூ என்ற கருவி விநாடிக்குப் பல நூறு தடவை சொல்லும். சாய்வில் 0.005 பாகை பிழை வந்தாலே 1,000 மீட்டர் கீழே புள்ளி கிட்டத்தட்ட 9 செ.மீ. நகர்ந்துவிடும். சமதரையில் அது உயரத்தைப் பெரிதாகப் பாதிக்காது. 30 பாகை மலைச்சரிவிலோ, அந்த நகர்வே 5 செ.மீ. உயரப் பிழையாக மாறும். சமவெளியில் சொன்ன துல்லியத்தை மலைக்கும் சேர்த்து யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஒளிக்கற்றை கீழே போகப் போக விரியும். 1,000 மீட்டரில் அது தரையில் 30 முதல் 50 செ.மீ. அகல வட்டமாக விழும். அந்த வட்டத்தில் கொஞ்சம் இலையிலும், கொஞ்சம் கிளையிலும், மிச்சம் தரையிலும் பட்டால், ஒரே துடிப்புக்கு மூன்று எதிரொளி வரும். லைடாரின் அருமையே இதில்தான் இருக்கிறது. இலைகளின் இடுக்கில் நுழைந்த ஒளி காட்டின் தரையைத் தொட்டுவிட்டு வருகிறது. 2012-இல் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் ஹெலிகாப்டரில் லைடார் எடுத்தபோது, காடு மூடிய பழைய நகரத் தெருக்களின் கட்ட அமைப்பு அப்படியே வெளியே வந்தது. அங்கே தரையில் மிஞ்சியிருந்த மேடுகள் பலவும் நடந்து போகிறவர் கண்ணுக்குத் தெரியாத அளவு தாழ்வானவை.

நிலத்துக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவார்கள். அதைத் தண்ணீர் விழுங்கிவிடும். தண்ணீருக்கு அடியில் தரை பார்க்க 532 நானோமீட்டர் பச்சை ஒளி வேண்டும். அதுவும் தெளிந்த நீரில்தான் வேலை செய்யும்.

பறப்பைத் திட்டமிடுதல்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 1,000 மீட்டர், லேசர் இரண்டு பக்கமும் 20 பாகை வீசுகிறது. ஒரு பறப்பில் தரையில் கிடைக்கும் பட்டையின் அகலம் சுமார் 728 மீட்டர். வேகம் விநாடிக்கு 60 மீட்டர், துடிப்பு விநாடிக்கு 2 லட்சம் என்றால், சதுர மீட்டருக்குச் சுமார் 4.6 துடிப்பு விழும். பட்டைகள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமானால், பறப்புக் கோடுகளை 510 மீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். உயரத்தைக் குறைத்தால் அடர்த்தி கூடும், ஆனால் கோடுகளும் செலவும் கூடும்.

அந்த 4.6 என்ற எண் துடிப்புக் கணக்கு, தரைப் புள்ளிக் கணக்கு இல்லை. அடர்ந்த காட்டில் பத்தில் ஒன்று தரையைத் தொட்டாலே நல்லது. ஒப்பந்தத்தில் எழுதும்போது, திறந்த வெளியில் எத்தனை, காட்டில் தரைப்புள்ளி எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க 3டெப் திட்டம் தன் அடிப்படைத் தரத்துக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 துடிப்பும், உயரத்தில் 10 செ.மீ.க்கு மிகாத ஆர்எம்எஸ்இ-யும் (பிழையின் ஒருவகைச் சராசரி, கணக்கு பின்னால் வரும்) கேட்கிறது. வெள்ள வரைபடத்துக்கு அது நல்ல தொடக்கப் புள்ளி.

பறக்கும் காலமும் முக்கியம். இலை உதிரும் காடு என்றால் உதிர்ந்த பிறகு பறக்க வேண்டும். ஆற்றில் நீர் குறைந்திருக்கும் நாள், கடலோரத்தில் வற்றுக்கடல் நேரம், பயிர் அறுத்த பின் வயல். மேகம் விமானத்துக்கு மேலே இருந்தால் பரவாயில்லை, கீழே இருந்தால் வேலை கெடும். இரவில் பறந்தாலும் லைடார் வேலை செய்யும். கோடுகளை எல்லாம் ஒரே திசையில் போட்டுவிடாமல், குறுக்கே ஒன்றிரண்டாவது கட்டாயம் போடச் சொல்லுங்கள். பிறகு பட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க அவைதான் கை கொடுக்கும்.

சின்ன இடமாக இருந்தால் ட்ரோனே போதும். ட்ரோனில் எடுத்த படங்களை ஒட்டியும் உயரம் எடுக்கலாம். வெறும் மண்ணும் பாறையும் இருக்கும் இடத்தில் அது அழகாக வரும். புல்லும் புதரும் இருந்தால் கேமராவுக்குத் தெரிவது அவற்றின் மேற்பரப்பு மட்டும்தான். அங்கே லேசரே வேண்டும்.

தரவு வந்ததும் முதல் நாள்

தரவு எல்ஏஎஸ் என்ற வடிவிலோ, அதைச் சுருக்கிய எல்ஏஇசட் வடிவிலோ வரும். இன்று பரவலாக இருக்கும் பதிவு முறையில் ஒரு புள்ளிக்குக் குறைந்தது 30 பைட். 100 சதுர கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு 5 புள்ளி என்றால் 50 கோடி புள்ளி, 15 ஜிபி. எல்ஏஇசட் இதை வெகுவாகச் சுருக்கும், ஒரு புள்ளியும் இழக்காது. எப்போதும் எல்ஏஇசட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் பிடிஏஎல், கியூஜிஐஎஸ், கிளவுட்கம்பேர் என்ற மூன்று மென்பொருள்களும் இலவசம், மூன்றும் போதும். முதலில் கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து, ஆயத்தொலை முறை என்ன, உயரத்துக்கு டேட்டம் என்ன என்று பாருங்கள். உயர டேட்டம் இருக்கும் இடம் காலியாக இருந்தால் அன்றைக்கே கொடுத்தவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைப் பாருங்கள். ஒரு கூரையின் குறுக்கே வெட்டிப் பார்த்தால், இரண்டு பட்டைகளின் புள்ளிகளும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். கூரை இரண்டாகத் தெரிந்தால், லேசரும் ஐஎம்யூவும் பொருந்திய கோணத்தில் பிழை இருக்கிறது. அதைப் பறந்தவர்களே திருத்தித் தர வேண்டும். இந்தப் பிழையோடு அடுத்த படிக்குப் போகவே கூடாது.

தரையைப் பிரித்தெடுத்தல்

முழு வேலையின் இதயம் இதுதான். கோடிக்கணக்கான புள்ளிகளில் எது தரை, எது தரையில்லை என்று முடிவு செய்ய வேண்டும். எல்ஏஎஸ் வடிவில் இதற்கு எண்கள் உண்டு: தரை 2, தாழ்ந்த செடி 3, நடுத்தரம் 4, உயர்ந்த மரம் 5, கட்டடம் 6, நீர் 9, பாலத் தளம் 17. இரைச்சல், அதாவது தப்பாகப் பதிவான புள்ளிகளில் தாழ்ந்தவற்றுக்கு 7, உயர்ந்தவற்றுக்கு 18.

முதலில் இரைச்சலை நீக்குங்கள். பறவையில் பட்ட புள்ளி மேலே தனியாக மிதக்கும். அதனால் தரைக்குப் பெரிய தீங்கில்லை. ஆபத்து கீழே இருப்பதில்தான். ஒளி இரண்டு மூன்று இடத்தில் பட்டுத் திரும்பினால் நேரம் கூடி, புள்ளி தரைக்குப் பல மீட்டர் கீழே விழும். தரை தேடும் முறைகள் எல்லாம் தாழ்ந்த புள்ளியிலிருந்துதான் தொடங்கும். இப்படி ஒரு புள்ளி மிஞ்சினால் சமவெளி நடுவே ஒரு கிணறு தோண்டிவிடும்.

தரை தேடும் முறைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 2000-இல் ஆக்செல்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்டது, தாழ்ந்த புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, அந்தப் பரப்புக்கு அருகில், கோணமும் தூரமும் பொருந்தும் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும். 2013-இல் வந்த எஸ்எம்ஆர்எஃப், சாளரத்தை, அதாவது ஒரு தடவையில் பார்க்கும் பரப்பை, படிப்படியாகப் பெரிதாக்கி, சுற்றியுள்ள தரையிலிருந்து சட்டென்று எழும்புவதை எல்லாம் வெட்டும். 2016-இல் வந்த சிஎஸ்எஃப் முறை எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளித் திரளை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு துணியைப் போர்த்துகிறது. கவிழ்த்ததும் தரை மேலே வந்துவிடும், மரங்கள் கீழே தொங்கும். துணி தரையில் படிந்து நிற்கும். துணியின் விறைப்பைக் கூட்டினால் கட்டடம் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்காது, குறைத்தால் மலைச்சரிவை ஒட்டிப் படியும். கிளவுட்கம்பேரில் இதைச் சில சொடுக்குகளில் செய்து பார்க்கலாம்.

பிடிஏஎல்லில் எஸ்எம்ஆர்எஃப் எடுத்தால், அது வைத்திருக்கும் தொடக்க அளவுகள் இவை: கட்டம் 1 மீட்டர், சரிவு 0.15, சாளரம் 18 மீட்டர், உயர வரம்பு 0.5 மீட்டர். சாளரம் உங்கள் பகுதியின் மிகப் பெரிய கட்டடத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கிடங்கின் கூரை நடுவே தரையாகப் பதிவாகும். அதே சமயம் சாளரத்தைப் பெரிதாக்கினால் சின்னக் குன்றின் உச்சி அறுந்துபோகும். சரிவு 0.15 சமவெளிக்கு ஏற்றது. மலையில் 0.3-க்கும் மேலே போக வேண்டியிருக்கும். ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மலையையும் சமவெளியையும் தனித்தனியாக ஓட்டுவதே நல்லது.

இங்கே ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு வாய்க்கால், அதன் ஓரம் ஒரு மீட்டர் அகலக் கரை, கரைமேல் முழங்கால் உயரப் புல், பத்தடி தள்ளி ஒரு மரம். இதன் குறுக்கே 2 மீட்டர் அகலத்தில் ஒரு வெட்டு எடுத்துப் பக்கவாட்டில் பார்க்கிறோம். மரத்தில் புள்ளிகள் தரைக்கு மேலே 9 மீட்டரில் அடர்த்தியாக, 5 மீட்டரில் சிதறலாக, அடியில் மூன்றே மூன்று. வயல் கோடு போட்டது போல் சமமாக, கடல் மட்டத்திலிருந்து 12.40 மீட்டரில் போகிறது. கரை மேலே எழும்பி 13.30 தொட்டு இறங்குகிறது. ஆனால் கரையின் உச்சியில் புள்ளிகளின் நிறம் தரை நிறம் இல்லை, தாழ்ந்த செடி நிறம். எஸ்எம்ஆர்எஃப் இந்த ஒடுங்கிய கரையைப் புதர் என்று நினைத்து வெட்டிவிட்டது. டிடிஎம்மில் கரையே இருக்காது. வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடும் வெள்ள மாதிரியை ஓட்டினால் வாய்க்கால் நீர் நேராக வயலுக்குள் பாயும். இந்தக் கரைக்காகத்தான் அந்த மாதிரியையே ஓட்டுகிறோம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதனால் தானாகப் பிரித்ததை அப்படியே ஏற்கக்கூடாது. கரைகள், சாலை மேடுகள், பாறை விளிம்புகள், பெரிய கூரைகள் இவற்றின் குறுக்கே வெட்டிப் பார்த்து, தப்பான புள்ளிகளைக் கையால் மாற்றுங்கள். கரையின் உச்சியைக் கோடாக வரைந்து, அதைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும்படியும் செய்யலாம். அந்தப் புல்லையும் கவனியுங்கள். ஒரு துடிப்பு 4 நானோ விநாடி நீளம் என்றால், 60 செ.மீ.க்குள் இருக்கும் புல்லையும் தரையையும் கருவியால் இரண்டு எதிரொளியாகப் பிரிக்க முடியாது. இரண்டும் கலந்து ஒரே புள்ளியாக, தரைக்குச் சற்று மேலே வரும். அடர்ந்த புல்வெளியில் டிடிஎம் பத்திருபது செ.மீ. உயர்ந்து நிற்பது இதனால்தான். எந்த முறையாலும் அதை முழுசாகப் போக்க முடியாது. தரையில் நேரில் அளந்து, எவ்வளவு என்று எழுதி வைக்கத்தான் முடியும்.

நீரும் பாலமும்

அகச்சிவப்பு ஒளி தண்ணீரில் தொலைந்துபோவதால் ஏரிகளில் ஓட்டைதான் இருக்கும். அதை அப்படியே இடைக்கணித்தால், அதாவது சுற்றியுள்ள புள்ளிகளை வைத்து நிரப்பினால், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு முக்கோணச் சரிவுகள் எழும். ஏரியின் விளிம்பை வரைந்து, உள்ளே ஒரே உயரம் கொடுங்கள். ஆறு என்றால் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும்படி கொடுக்க வேண்டும்.

பாலங்களைத் தரையிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியது போல் ஆகும். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்கள் மேலிருந்து தெரியவே தெரியாது. நீரோட்டக் கணக்குக்கு அந்த இடங்களில் சாலை மேட்டை வெட்டித் திறந்துவிட வேண்டும். இப்படி வெட்டியதைத் தனிப் பதிப்பாக வையுங்கள். அசல் டிடிஎம்மைத் தொடாதீர்கள்.

கட்டமாக மாற்றுதல்

தரைப்புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உயரம் உள்ள ராஸ்டராக்குவது பெரும்பாலான வேலைக்குப் போதும். கட்டத்தின் அளவைத் தரைப்புள்ளிகளின் அடர்த்திதான் முடிவு செய்ய வேண்டும். காட்டில் 4 சதுர மீட்டருக்கு ஒரு தரைப்புள்ளிதான் கிடைத்தது என்றால் நியாயமான கட்டம் 2 மீட்டர். 50 செ.மீ. கட்டம் வைத்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலான கட்டங்கள் கணித்து நிரப்பியவையாக இருக்கும். கூடவே ஒரு கட்டத்தில் எத்தனை தரைப்புள்ளி என்று காட்டும் இன்னொரு ராஸ்டரையும் செய்து வையுங்கள். எங்கே அளந்தது, எங்கே ஊகித்தது என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

மற்றத் தரவுகளோடு சேர்த்தல்

லைடார் எல்லைக்கு வெளியே ஜிஎல்ஓ-30, ஆற்றின் அடியில் ஒலியால் ஆழம் அளக்கும் சோனார், இடையில் தரையில் அளந்த புள்ளிகள் என்று பலதையும் ஒட்ட வேண்டி வரும். ஒரு கடலோர வேலையில் எனக்குக் கொடுத்த இரண்டு தரவுகளில் ஒன்றுக்கு டேட்டம் பெயர் எழுதியிருக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி ஒட்டினேன். வெள்ள மாதிரியை ஓட்டியபோது தண்ணீர் எல்லாம் வரைபடத்தின் நடுவே நேர்கோட்டில் போய் நின்றது. இயற்கையில் தண்ணீர் நேர்கோட்டில் நிற்காது. பார்த்தால் ஒட்டிய இடத்தில் 70 செ.மீ. படி. பல பத்து மீட்டர் பிழை என்றால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மீட்டருக்குள் இருக்கும் பிழைதான் கடைசி வரை ஒளிந்திருக்கும்.

எனவே ஒட்டும் முன் எல்லாவற்றையும் ஒரே டேட்டத்துக்கு மாற்றுங்கள். கடல் வரைபடங்களின் ஆழம் பொதுவாகத் தாழ்ந்த வற்றுமட்டத்தை ஒட்டிய அளவிலிருந்து, கீழ்நோக்கிக் கூடும்படி எழுதியிருக்கும். குறியையும் மாற்ற வேண்டும், மட்டத்தையும் மாற்ற வேண்டும். அப்புறம் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் படமாகப் பாருங்கள். மலைகளின் ஒரு பக்கம் முழுக்கக் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் அது உயரப் பிழை இல்லை, ஒரு தரவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்று சரிவையும் திசையையும் வைத்தே கணக்கிடும் வழியை நூத், கேப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் தந்தார்கள். பனிமலைகளுக்காக வந்த அந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும். நகர்வைச் சரி செய்த பிறகு, துல்லியமான தரவு முடியும் இடத்தில் சில நூறு மீட்டருக்குப் படிப்படியாகக் கலந்துவிடுங்கள்.

சரிபார்க்க நாசாவின் ஐஸ்சாட்-2 என்ற லேசர் செயற்கைக்கோள் நல்ல துணை. 2018-இல் ஏவியது. ஆறு பச்சைக் கற்றைகளால், பாதை நெடுகிலும் 70 செ.மீ.க்கு ஒரு துடிப்பு வீதம் பூமியை அளக்கிறது. அது பரப்பாகத் தருவதில்லை, கோடாகத் தருகிறது. அந்தக் கோட்டோடு உங்கள் பரப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெளிந்த ஆழமற்ற கடலில் அடித்தரையைக் கூட அது காட்டும்.

துல்லியத்தைச் சோதித்தல்

லைடாரைப் பொருத்தப் பயன்படுத்திய புள்ளிகளையே சோதனைக்கும் வைத்தால் விடை எப்போதும் நன்றாகத்தான் வரும். தனியாக, தரையில் ஜிஎன்எஸ்எஸ் அல்லது லெவலிங் (மட்டக் கருவியால் உயரம் அளப்பது) மூலம் அளந்த புள்ளிகள் வேண்டும். குறைந்தது 30 என்கிறது, அமெரிக்கத் தொலையுணர்வுத் துறையினரின் ஏஎஸ்பிஆர்எஸ் அமைப்பின் 2023 தர விதி. இவற்றைச் சமமான, கெட்டியான தரையில் எடுங்கள். புல், புதர், காடு ஆகியவற்றிலும் எடுங்கள், ஆனால் தனிக் கணக்காக வையுங்கள்.

ஐந்து புள்ளியில் ஒரு சின்னக் கணக்கு. டிடிஎம்மிலிருந்து தரை அளவைக் கழித்தால் செ.மீ.இல் 4, -6, 9, -3, 11 என்று வருகிறது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 263. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 7.3. இதுதான் ஆர்எம்எஸ்இ. அதை 1.96-ஆல் பெருக்கினால், 95 சதவீத இடங்களில் பிழை சுமார் 14 செ.மீ.க்குள் இருக்கும் என்று சொல்லலாம். சராசரியையும் பாருங்கள்: 3 செ.மீ. மேலே. உண்மையான சோதனையில் சராசரி பெரிதாக ஒரே பக்கம் சாய்ந்தால், பெரும்பாலும் ஜியாய்டு தப்பாக இருக்கும் அல்லது கருவியின் உயரத்தைத் தப்பாகக் குறித்திருப்பார்கள்.

இந்த எண்ணைப் பயன்பாட்டோடு பொருத்த வேண்டும். ஆர்எம்எஸ்இ 10 செ.மீ. உள்ள தரவில் 50 செ.மீ. சமவுயரக் கோடு தைரியமாக வரையலாம். 10 செ.மீ. இடைவெளியில் வரைந்தால், கோடுகள் தரையைச் சொல்லாது, பிழையைத்தான் சொல்லும். வெள்ளத்தின் எல்லையைக் காட்டும்போதும் ஒற்றைக் கோடாகக் காட்டாமல், பிழை அளவுக்குத் தகுந்த பட்டையாகக் காட்டுங்கள். வீட்டை விற்பதா, மேடாக்குவதா என்று ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்து முடிவெடுக்கக்கூடும்.

ஒப்படைக்கும் முன்

வடமேற்கிலிருந்து, அதாவது 315 பாகையிலிருந்து வெளிச்சம் வீசுவது போல் மேடுபள்ளத்தின் நிழலைக் காட்டும் படம் ஒன்று செய்து, முழுவதையும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பட்டைகளின் ஓரம், தப்பிய கூரை, கிணறு போன்ற பிழைப் பள்ளம் எல்லாம் எண்ணில் தெரியாவிட்டாலும் நிழலில் தெரிந்துவிடும். வெளிச்சத்தின் திசையை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். ஒரே திசையில் ஓடும் கரைகள் முதல் படத்தில் மறைந்திருக்கலாம்.

வகைப்படுத்திய புள்ளித் திரள், டிடிஎம், டிஎஸ்எம், தரைப்புள்ளி எண்ணிக்கை ராஸ்டர், சோதனைப் புள்ளிகளின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். புள்ளித் திரளை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். நாளை இன்னும் நல்ல முறை வரும்போது அதிலிருந்து புது டிடிஎம் எடுக்கலாம், டிடிஎம்மிலிருந்து புள்ளித் திரளை எடுக்க முடியாது. விவரக் குறிப்பில் பறந்த தேதிகள், கருவி, ஆயத்தொலை முறை, ஜியாய்டு, தரை பிரித்த முறையும் அதன் அளவுகளும், கையால் திருத்திய இடங்கள், நிலவகை வாரியாகத் துல்லியம் ஆகியவை இருக்க வேண்டும். இதற்கு மேல், கோப்பின் பெயரிலேயே ஜியாய்டின் பெயரையும் பறந்த ஆண்டையும் நான் சேர்த்துவிடுகிறேன். பெயர் நீளமாகத்தான் ஆகிறது. ஆனால் குறிப்புத் தாள் எங்கே தொலைந்தாலும், அந்த இரண்டும் கோப்போடேயே போகும்.